ஒன்பதாவது பாட்டில் திட்டுவது நான்தான்

பாட்டின் நல்லது கெட்டதைக் காதாலேயே எடை போட்ட என் காதரண்ணனுக்கு,

உங்களைத் திட்டியது ஊரறிய. அதனால் இந்தக் கடிதத்தையும் ஊரறிய எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீங்கள் பொறுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

முதலில் நல்ல சேதி. என் பேத்தி செல்வி ஆல்பம் போட்டுவிட்டாள். பதினொரு பாட்டு. ராப் என்கிறார்கள். ராகம் கிடையாது, மூச்சு விடாமல் சண்டைக்காரி மாதிரி பேச வேண்டும். தனக்கு 'தெற்கு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். தெற்கே இருந்து வந்த சனம் என்று நம்மை ஒதுக்கினவர்கள் வாயாலேயே அதைக் கத்த வைக்கிறேன் என்றாள். கத்துகிறார்கள், அண்ணே. ரங்கூன் முழுக்கக் கத்துகிறது. எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் உங்கள் பாட்டுக் கடைக்குப் புதுக் கேசட் வந்தால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தானே விற்பீர்கள்? "ஏ பக்கம் தேறும், தங்கச்சி. பீ பக்கம் சும்மா ஒப்புக்கு" என்பீர்கள். அந்த மாதிரியே நான் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் பாட்டு தேறும். நம் பெண்களைக் கேவலமாகக் கூப்பிடும் 'கலாமா' என்ற சொல்லை, துப்பினவன் முகத்திலேயே திருப்பித் துப்புகிறாள். அடியில் தாளமாக வருவது இன்சீன் ரயில் பட்டறையின் சம்மட்டிச் சத்தம். என் அப்பா அடித்த இரும்பு. போனோடு போய்ப் பதிவு செய்து வந்தாள்.

இரண்டு முதல் ஐந்து வரை தேறாது. எல்லாம் வெளிநாட்டுக்காரனைப் பார்த்து எழுதியது. துப்பாக்கி, கார், தங்கச் சங்கிலி. "லைன் பஸ்ல தொங்கிட்டுப் போறவளுக்கு எதுக்குடி காரு?" என்று கேட்டேன். "அது ஸ்டைலு பாட்டி, ஒங்களுக்கு வெளங்காது" என்றாள். துப்பாக்கியைப் பற்றி எனக்கா விளங்காது?

ஆறாவது அவள் அப்பாவைப் பற்றியது. அழ வேண்டிய இடத்தில் எதுகை தேடிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அதில் ஒரு வரி தமிழில் வரும். பழி வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கு ழகரம் வராது, 'பலி வாங்குவேன்' என்று பாடி வைத்திருக்கிறாள். "பழிடி. பலி இல்ல. பலின்னா ஆட்டைக் கழுத்தறுத்துக் குடுக்கிறது" என்றேன். "ரெண்டும் ரத்தந்தானே பாட்டி" என்றாள். நானும் சிரித்தேன்.

ஒன்பதாவது பாட்டுக்கு வருகிறேன். வராமல் முடியாது.

செல்வியின் அப்பா, என் மகன் குமரன் கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டாளத்தை எதிர்த்துக் கோஷம் போட்டுத் தப்பி ஓடிவந்த இரண்டு பிள்ளைகளை வீட்டில் ஒளித்து வைத்திருந்தான். ஒரு நாள் காலை பத்து மணிக்கு லாரி வந்தது. இறங்கின துப்பாக்கிக்காரர்கள் உங்கள் கடை வாசலில் நின்று விசாரித்தார்கள். நீங்கள் கை நீட்டிக் காட்டியதைத் தண்ணீர்க் குழாயடியிலிருந்து என் கண்ணால் பார்த்தேன், குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரத்தில் குமரனை முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நெஞ்சிலிருந்து தொப்புள் வரை கோணிச் சாக்கைத் தைக்கிற மாதிரி தைத்திருந்தது. முகத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைப் பார்த்துத்தான் இது என் பிள்ளை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உங்கள் கடை முன்னால் வந்து நின்றேன். மண்ணை வாரி உங்கள் மேல் வீசினேன்.

"அடே காதரு, எம்புள்ளையக் காட்டிக் குடுத்த அந்த விரலு புழுத்து உதிரும்டா. ஒன் வாயில வச்ச சோறு மண்ணாப் போகும்டா. நீ சாகையில ஒன் தொண்டையில ஒரு சொட்டுத் தண்ணி எறங்காதுடா."

அண்ணன் என்று முப்பது வருஷம் கூப்பிட்ட வாய். நீங்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். கண்ணில் மட்டும் தண்ணீர். குற்றமுள்ள நெஞ்சு, பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். பின்னால் நின்ற செல்வி எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நோன்பு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் வந்து எட்டிப் பார்க்கவில்லை. குழாயடியில் நின்று "பலிச்சிருச்சு" என்றேன். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் இந்தக் கடிதத்துக்கு என்ன மரியாதை?

ஆல்பம் போடும்போது செல்வி ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள், செத்தவர் பேரைப் போடலாமா என்று.

"போடு. செத்தும் அவனை வெரட்டட்டும்" என்றேன்.

அந்தப் பாட்டில் முதலில் வாத்தியமே கிடையாது. என் குரல் மட்டும்தான். பிறகு லாரி உறுமும். அதற்கு மேல் அவள் பர்மியச் சொற்கள் விழும், ஒவ்வொன்றும் கத்திக் குத்து. தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட என் சாபத்தை மந்திரம் மாதிரி மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆல்பத்தில் உயிருள்ள பாட்டு அது ஒன்றுதான். நீங்கள் கேட்டிருந்தாலும் அதைத்தான் தேறும் என்றிருப்பீர்கள். எனக்குக் கூசுகிறது, அண்ணே.

பாட்டு வெளிவந்த எட்டாம் நாள் உங்கள் மகள் ஜமீலா என் வீட்டுக்கு வந்தாள். நெற்றியில் கட்டு. கட்டை மீறி ரத்தம் கசிந்தது. கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருக்கிறார்கள், சில்லு பாய்ந்திருக்கிறது. கதவில் சிவப்புச் சாயத்தில் 'தலான்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். காட்டிக்கொடுப்பவன் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்த வாசலுக்கு அடுத்து எது வரும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. உட்காரவும் இல்லை.

"மாமி, வாப்பா கை நீட்டுனது ரயில் லைன் பக்கம். ஒங்க சந்து அங்கனயா இருக்கு? அங்க போயி ஆளக் காணாம திரும்பி வந்தவனுங்க துப்பாக்கிக் கட்டையால வாயிலயே அடிச்சானுங்க. நீங்க மண்ண அள்ளி வீசுனப்ப வாப்பாக்கு தாடை ஒடஞ்சிருந்துச்சு. அதான் மாமி பேசல."

ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாங்க கெளம்புனோம். வாப்பாதான் கையப் புடிச்சு இழுத்து சீட்டுல எழுதிக் காட்டுனாங்க. புள்ளையப் பறிகுடுத்தவ, யாரையாச்சும் திட்டட்டும்னு."

நான் கையைத்தான் பார்த்தேன். அது எந்தப் பக்கம் நீண்டது என்று பார்க்கவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் பின்பக்கமாகத் தப்பினார்கள். குமரன் அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த நின்றான், அகப்பட்டான். உங்களுக்குக் கடைசிவரை சோறு இறங்கவில்லையாம். வாயோரத்தில் கஞ்சி விட்டார்களாம். நான் என்னென்ன சொன்னேனோ அதெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேல்தான் மண்ணை வீசியிருக்கிறேன். பழி நான் போட்டது. பலி நீங்கள். செல்வியின் நாக்கைப் போய்த் திருத்தினேனே?

செல்வி அன்றைக்கே பாட்டை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? போனுக்குப் போன் அது எப்போதோ தாவிவிட்டது. பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் புதுப் பாட்டு ஒன்று கட்டினாள். நடந்ததை நடந்தபடி சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு. பாட்டாக அது சுமார்தான், அண்ணே. உண்மை எல்லாம் இருக்கிறது, கேட்கிறவன் நெஞ்சில் அடி விழவில்லை. யாரும் அதை அடுத்தவருக்கு அனுப்பவில்லை. பொய்ப் பாட்டு ஓடுகிறது, மெய்ப் பாட்டு படுத்துக் கிடக்கிறது. இத்தனை வருஷம் பாட்டு விற்றீர்களே, இது ஏன் இப்படி என்று உங்களுக்காவது தெரியுமா?

அதனால் நான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடை வாசலுக்குப் போனேன். கடை திறந்தது முதல் சாத்துகிற வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். ஜமீலா வேண்டாம் என்றாள். பிறகு தேநீர் கொண்டு வந்து வைத்தாள்.

நேற்று மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள், இருபது வயது இருக்கும். தோள் பையில் கல். பர்மியத்தில் ஒருவன் சொன்னான், "வெலகு கெழவி. இது தலான் கடை."

"யாரு சொன்னா?"

"பாட்டே சொல்லுதே."

எழுந்து நின்று தமிழில் ஆரம்பித்தேன். அடே காதரு என்றதுமே இருவர் முகமும் செத்துவிட்டது. தினமும் காதில் கேட்கிற குரல் எதிரே சேலை கட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? பாதியில் நிறுத்திப் பர்மியத்துக்கு மாறினேன்.

"இந்த வாய்தான் அதச் சொல்லுச்சு. சொன்னது பொய். இந்த மனுசன் எம்புள்ளைக்காக வாய ஒடச்சுக்கிட்டாரு. கல்லு போடணும்னா பொய் சொன்னவ மேல போடு, இங்கதான நிக்கிறேன்."

ஒருவன் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் நம்பவில்லை. வீசினான். கல் என் தோளில் பட்டு மளுக்கென்று சத்தம் கேட்டது. ஜமீலா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். விழவில்லை, அண்ணே. வீசினவனைப் பார்த்து, நாளைக்கும் வா, இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். வலது கையைத் தூக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் கோணலாக இருக்கிறது.

உங்கள் கபரில் வந்து அழ எனக்கு உரிமை இல்லை. அழ வரவும் மாட்டேன். என் குரல் எத்தனை போனில் இருக்கிறதோ அத்தனை பேரும் இந்த வாசலுக்கு வரட்டும். ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகச் சொல்வேன். உடம்பில் உயிர் இருக்கும்வரை உங்கள் மகளுக்கும் தெருவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். அவளைத் தொட வருகிறவன் முதலில் என்னைத் தொட வேண்டும். இது சத்தியம்.

நீங்கள் இனி அப்படிக் கூப்பிடுவீர்களோ மாட்டீர்களோ,

உங்கள் தங்கச்சி,
குமரனின் தாய் அங்கம்மா