உப்புத் தண்ணீருக்கு மாறிய குளம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க நினைத்தேன், ஆனால் மனது ஒரு நிலையில் இல்லை. போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

நம் நீச்சல் குளத்தை உப்புத் தண்ணீருக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு நீ கை தவறி அமிலத்தை ஊற்றி விஷப் புகை கிளம்பியதே, அந்தக் குளோரின் தொட்டி இப்போது இல்லை. பம்ப் அறையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் தகடுகள், அவ்வளவுதான். மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினார்கள். ஆனாலும் தண்ணீர் கண்ணீர் அளவுக்குக்கூடக் கரிக்கவில்லை. யாருக்கும் கண் எரிவதில்லை. என் டிக்கெட் ஜன்னல் வரைக்கும் வந்து மூக்கில் ஏறும் நெடியும் போய்விட்டது. ஏணியின் திருகுகள் மட்டும் அதற்குள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன.

வாசலில் 'குளோரின் இல்லாத குளம்' என்று போர்டு வைத்தார்கள். அந்தப் பெட்டி உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மேனேஜரோ, "நீங்க டிக்கெட்ட மட்டும் கிழிங்கக்கா" என்றார். உன் இடத்துக்கு வந்தவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர் வைத்திருந்தோம். எதைச் சொன்னாலும் அதுதான் பதில். தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டால் மட்டும், "உப்புத் தண்ணிதானக்கா, அதுவே பாத்துக்கும்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஆழமான பக்கத்தில் தரையிலுள்ள கறுப்புக் கோடே தெரியவில்லை. ஒரு பிள்ளை மூழ்கினால் மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீ விட்டுப்போன சோதனைக் குப்பியை எடுத்து, நீ செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் சொட்டு விட்டேன். நிறமே மாறவில்லை, துளிக் குளோரின்கூட இல்லை. 'ஆகட்டும்' வந்து பெட்டியைத் திறந்தார்; தகடெல்லாம் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எத்தனை நாளாக அது வேலை செய்யவில்லையோ!

நான் கேட்டைப் பூட்டிவிட்டேன். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார், வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. அப்போது பிள்ளைகளோடு வந்த டீச்சர் முன்னால் வந்தார். அவரேதான், தம்பி. அன்றைக்கு அந்தப் புகையில் மாட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமுகிறார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "இதுல என் பிள்ளைங்க ஒண்ணும் எறங்காது" என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே எல்லோரையும் திருப்பி அழைத்துப் போனார்.

மறுநாள் முதலாளியே வந்தார். போர்டு இறங்கியது. 'ஆகட்டும்' தோட்ட வேலைக்குப் போய்விட்டார், உன் இடம் இப்போது காலி.

நேற்று அந்த டீச்சர் ஜன்னலுக்கு வந்து, உங்கள் தம்பி எங்கே என்று கேட்டார். வெளியூரில் ஒரு கோடவுனில் காவலுக்கு இருக்கிறான் என்றேன். அவர் இடையிடையே இருமிக்கொண்டே சொன்னார்: "அவரு மேல கோவம் போகல. போகும்னும் தோணல. ஆனா அன்னிக்கு மறுபடி உள்ள வந்து என்னத் தூக்கிட்டு ஓடினதும் அவருதான். இனிமே அவரு தண்ணியப் பாக்காம விடமாட்டாரு. வரச் சொல்லுங்க."

உன்மேல் யாருக்கும் கோபமில்லை என்று பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். தகட்டுச் சுண்ணாம்பைக் கழுவ உப்புக் குளத்துக்கும் அமிலம் வேண்டியிருக்கிறது. அந்தக் கேன் பம்ப் அறையில் தனிப் பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் தொட நீ பயப்படுவாய். பரவாயில்லை, பயந்துகொண்டே வா. முதல் நாள் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா