எழுத்து மாற்றும் விளையாட்டு

கார்த்திகை 12, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் டீயும் வர்க்கியும் வைத்தேன். ஏதாவது இங்கிலீஷ் வார்த்தையில் ஓர் எழுத்தை மாற்றிப் புது அர்த்தம் சொல்லும் விளையாட்டை மாப்பிள்ளை ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் கவிதா சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்து வைத்தேன்.

"சம்பந்தியம்மாவும் நல்லா ரசிக்கறாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பிறகு அடுப்படியில் கவிதாவிடம் கேட்டேன். "அதுல சிரிக்க என்ன இருக்குது சாமி?"

"எனக்கென்னம்மா தெரியும்? அத்தை சிரிச்சா நானும் சிரிச்சுக்குவேன்."

விளக்கின் முன்னால் உட்கார்ந்தும் மனசு நிற்கவில்லை. தினமும் போனில் என்னிடம் சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறாள். முருகா, அது எந்தச் சிரிப்பு?