மாற்றிக்கொண்ட சீட்டு

ஜார்ஜ்டவுன்
4 ஆகஸ்ட் 1982

அன்புள்ள வெர்லின்,

பார்படோஸ் போய் மூன்று வாரமாகிறது, ஒரு வரி போடக்கூடாதா? அங்கே நீ அசல் ரொட்டி தின்கிறாயாம். இங்கே அரிசிமாவு ரொட்டி என் பல்லைப் பதம் பார்க்கிறது.

நம் விவாதக் கழகத்தின் கடைசிக் கூட்டத்தால் வம்பு வந்திருக்கிறது. தலைப்பு: 'அரசு கோதுமை மாவைத் தடை செய்தது நாட்டுக்கு நல்லதே.' குலுக்கலில் எனக்கு ஆதரவு, உனக்கு எதிர்ப்பு. "அப்பா போலீஸ்ல இருக்காருடா, நான் எதிர்த்துப் பேசினா அவரு வேலை போயிடும். சீட்டை மாத்திக்கலாம்" என்று நீ அழுதாய். விதியை மீறி மாற்றிக்கொண்டேன். முதலில் உன் வாதத்தை முறித்தேன், பிறகு என்னுடையதை வைத்தேன். ஏழாவது நிமிட மணி அடிக்கும்வரை தடையை வெளுத்து வாங்கினேன்.

நேற்று இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"குலுக்கல்ல விழுந்த பக்கத்தைப் பேசினேன் சார். என் சொந்தக் கருத்து இல்ல."

"அப்படியா வாத்தியாரே?" என்று சிரித்தபடி கழகத்தின் குலுக்கல் ஏட்டைப் பிரித்துக் காட்டினார்கள். என் பெயருக்கு நேரே 'ஆதரவு' என்று இருந்தது. நாம் சீட்டு மாற்றியது அதில் ஏறவே இல்லை.

27-ஆம் தேதி போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நாலு வரி எழுதி அனுப்பு. உன்னை விட்டால் எனக்குச் சாட்சி கிடையாது.

உன் ஆஸ்வின்

பிரிட்ஜ்டவுன்
16 ஆகஸ்ட் 1982

திரு. ஆஸ்வின் அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அப்பா தொலைபேசியில் அதை வரிவரியாக எனக்குப் படித்துக் காட்டிவிட்டார்.

சீட்டு எதையும் மாற்றிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இனி எழுத வேண்டாம்.

வெர்லின்

ஜார்ஜ்டவுன்
26 ஆகஸ்ட் 1982

அன்புள்ள வெர்லின்,

எழுதாதே என்றாய், இது ஒன்று மட்டும். உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நாளை சீட்டைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. என் கருத்தைத்தான் பேசினேன் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யுமில்லை. மேடையேறும்போது அது உன் பக்கமாக இருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே என் சொந்தப் பேச்சாகிவிட்டது.

என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதையும் உன் அப்பாதான் முதலில் படிப்பார். படிக்கட்டும். அன்று நான் பேசி முடித்ததும் அரங்கில் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

ஆஸ்வின்