சிறப்பு விருந்தினருக்குச் சோடா

திருவண்ணாமலை,
12.2.1986

அன்புள்ள அறைத் தோழனுக்கு,

எங்கள் கல்லூரி வரலாற்றில் மறக்க முடியாத முடிவு ஒன்று நேற்று எடுக்கப்பட்டது. மாணவர் வேளாண் ஆய்வுப் பரிசு விழாவில் சிறப்பு விருந்தினருக்குக் காபிக்குப் பதிலாகச் சோடா கொடுப்பதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவன் நான். முதல் பரிசு பெறும் ஆய்வின் சுருக்கத்தைச் சிறப்பு விருந்தினர்தான் மேடையில் வாசிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வாசிக்கும்போது உன் தொண்டை வறளக் கூடாது.

எழுபத்து நான்கில் இதே பரிசை நீ வாங்கினாய். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நூறு விவசாயிகளைக் கேட்டு ஊரார் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் விளைச்சலைக் கணக்கிட்டதாக எழுதிய ஆய்வு. அந்தக் கோடை முழுக்க நீ செங்கம் சாலை அறையில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தாய். நான் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தேன். உனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எனக்கு இரண்டாம் பரிசாகக் குத்துவிளக்கு கிடைத்தது. நன்றாகவே எரிகிறது.

இந்த வருடம் என் மாணவி சுனந்தாவை, உன் ஆய்வை அதே கிராமத்தில் மறுபடி செய்து பார்க்கச் சொன்னேன். அங்கே தன்யகுமார் என்ற விவசாயி அவளிடம் சிரித்திருக்கிறார்.

"அந்த வருஷம் மழையே இல்லம்மா. யாரும் மல்லாட்டை போடல. பாதி ஊரு பெங்களூருக்குப் பொழைக்கப் போயிடுச்சி. அந்த சாரு யாரைக் கேட்டாரு, காக்காவையா?"

அதை அவள் சுருக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

உன் சம்மதக் கடிதம் போன வாரம் வந்தது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. தன்யகுமாருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
குத்துவிளக்குக்காரன்