பெயருக்கு முன் ஒரு மூச்சு

உம்முடைய குரலைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு வேண்டியவற்றை ஐயரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோயில் வாசலில் நின்றிருந்தேன். வேலணைப் பக்கமிருந்து வந்த காற்றில் ஒலிபெருக்கியின் இரைச்சல் முதலில் வந்தது; பின்னால் நீர் வந்தீர். "அன்பார்ந்த ஊர்மக்களே" என்றீர். அதன்பின் அந்த ஒரு மூச்சு நிறுத்தம். உம்மை எரித்துவிட்டு வந்து இரண்டு மாரி கழிந்தது அறிவுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. தோளிலிருந்த சால்வையைக் கை தானாக எடுத்துவிட்டது.

இந்தத் தீவுப்பகுதியில் எத்தனையோ வருடமாக, இறந்தவர்கள் உம்முடைய வாயால்தான் இறந்தார்கள். பழைய காரின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, சாட்டியிலிருந்து புளியங்கூடல் வரை மெல்ல ஊர்ந்து வருவீர். ஊர்மக்களை அழைத்துவிட்டு ஒரு மூச்சு நிற்பீர். அந்த மூச்சுக்குள் கிணற்றில் வாளி நிற்கும். குசினியில் அகப்பை நிற்கும். பிறகு பெயர். பிறகு பிரேதம் எடுக்கும் நேரமும் சுடலையும். கோயிலை அண்டிய வீடுகளில் ஒரு சாவென்றால் பிரேதம் எடுக்கும்வரை எங்களுக்குப் பூசை இல்லை. கோயில் நிர்வாகம் என் கையில் இருந்ததால், நீர் பெயரைச் சொல்ல நான் கதவைச் சாத்துவேன். நம் சிநேகம் அப்படித் தொடங்கியதுதான்.

அன்றும் அப்படியே நடந்தது. தீபத்தை ஏற்றிய ஐயர் கையை நிறுத்தி, "ஆரெண்டு கேட்டியளோ?" என்றார். முன்வீட்டுப் பரமேஸ்வரி ஈரக்கையோடு படலைக்கு வந்துவிட்டாள். உம்முடைய மூச்சு முடிந்தது, பெயர் வந்தது. தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளரின் பெயர். இந்தத் தெருவிலே பிறந்து வளர்ந்து கொழும்புக்குப் போனவர்.

"ஐயோ, நேற்றுத்தானே வளவுக்கை வந்து கும்பிட்டவர். நல்லாத்தானே நிண்டவர்" என்று பரமேஸ்வரி அழத் தொடங்கினாள். ஐயர் திரையை இழுத்தார். நான் கதவைச் சாத்தினேன். பூட்டில் திறப்பைத் திருப்பும்போதுதான், நீர் அந்த மனிதருக்கு வாக்குக் கேட்பது காதில் ஏறியது. அடுத்த கணம் ஒரு துள்ளல் பாட்டு.

சைக்கிளில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்று, "அழாதையுங்கோ அக்கா. ஆள் சாகேல்லை, எலெக்சன்" என்றான்.

"அப்ப ஏன் அவர் வந்து சொல்லுறார்?" என்று கேட்டாள் பரமேஸ்வரி.

அவன் சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

அந்தப் பாட்டை நான் பழிக்க வரவில்லை. ஏதோ புதுப் படத்து மெட்டு; பாரிஸிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அதற்கு ஆடித் தொலைபேசியில் அனுப்புகிறார்கள். மெட்டு அப்படியே இருக்க, சொற்களுக்குப் பதிலாக வீதியும் இறங்குதுறையும் நல்ல தண்ணீரும் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் நம் ஊருக்கு நல்ல தண்ணீர் பாட்டில் வந்துவிடுகிறது; கிணறு உவராகவே கிடக்கிறது. ஆனாலும் பூட்டிய கதவின் முன் நின்ற என் கால் தாளம் போட்டதை உம்மிடம் மறைக்க முடியாது. திருவிழாவில் நான் பதிகம் பாடி முடித்த கையோடு நீர் சினிமாப் பாட்டைப் போடுவீர், நான் சினப்பேன். "காணும், உம்மடை பாட்டுக்குச் சனத்துக்குக் கண்ணீர் வரும். என்ரை பாட்டுக்குத்தான் கால் வரும். ரெண்டும் வேணுமெல்லே" என்பீர்.

அரசியலை நீர் வெறுத்தவருமல்லர். முடிவுகள் வரும் நாளில் வானொலியை விட்டு எழும்பவே மாட்டீர். என்றாலும் எந்தக் கட்சி வந்து கேட்டாலும் வாகனத்தைக் கொடுத்தீர், குழாயைக் கொடுத்தீர், குரலைக் கொடுக்கவில்லை. காரணம் கேட்டேன். "செத்தவீடு சொன்ன வாயாலை வோட்டுக் கேட்டால், பிறகு சனம் எதை நம்பும்?" என்றீர். அதைக் கேட்டவன் நான் ஒருவனே. ஆகையால் அன்று பின்னேரம், உம்முடைய வாகனத்தை இப்போது வைத்திருக்கும் உம்முடைய தம்பியிடம் போனேன்.

"வாங்கோ அண்ணை. பெரியண்ணையைக் கேட்டியளோ?" என்று சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டார்.

"கேட்டனான். கோயிலைப் பூட்டினனான்."

"ஐயர் சொன்னவர். ஊரே சிரிக்குது."

"முதல் அழுதது. பிறகுதான் சிரிச்சது."

உம்முடைய பழைய ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் கொழும்பில் ஒருவனிடம் கொடுத்தாராம். என்ன எழுதினாலும் கணினி இனி உம்முடைய குரலில் சொல்லுமாம். அந்தப் பதிவுகள் முழுவதும் மரண அறிவித்தல்கள். வேறு விதமாகப் பெயர் சொல்ல அதற்குத் தெரியாது. கட்சிக்குக் குரலைக் கொடுப்பதில்லை என்று நீர் வைத்திருந்த ஒழுங்கைச் சொன்னேன். அவருடைய சிரிப்புக் குறைந்தது.

"அவர் இல்லாத வீடு எனக்கு ஏலாது அண்ணை. விடிய எழும்பி, 'தேத்தண்ணி குடிச்சியோ' எண்டு கணினியிலை அடிப்பன். அவர் கேப்பார். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டுத்தான் வேலைக்குப் போறனான்."

"உம்மடை பேரையும் சொல்லிக் கேப்பாரோ?"

விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "அதை மட்டும் அடிக்கிறேல்லை."

"அப்ப என்ரை பேரை அடியும்."

"பகிடி விடாதையுங்கோ."

"வோட்டுக்கு ஒருத்தற்றை பேரை அடிச்ச கைதானே. அடியும்."

அடித்தார். பெயரை மாத்திரம், ஊர்மக்களை அழைக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு நெஞ்சில்லை, சுவாசமில்லை. இருந்தும் முதலில் மூச்சு நின்றது. அதன் பிறகு என் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து வாசிப்பீரே, அந்த நிதானத்தில் சொன்னீர். உம்முடைய தம்பி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி வாசலுக்கு ஓடிவந்து, "ஆர்?" என்று கேட்டா. கதிரையில் இருந்த என்னைக் கண்டா. கண்ட பின்னும் அந்தக் கேள்வி அவ முகத்தை விட்டுப் போகவில்லை.

தம்பி வயரைப் பிடுங்கினார். மறுநாள் வாகனம் பாட்டோடு மாத்திரம் ஊரைச் சுற்றியது. தேத்தண்ணி விசாரிப்பதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை; அது அண்ணன் தம்பி விஷயம்.

ஓசை ஆகாயத்தின் குணம் என்று படித்தவர்கள் நாம். உடல் தீயில் போனாலும் ஓசை வெளியில் கிடக்கும் என்று உமக்கு விளக்கியவனும் நானே. அன்று அது எனக்கு நூலறிவு. இப்போது காலையில் கோயில் கதவைத் திறக்குமுன், வேலணைப் பக்கம் காது கொடுத்து நிற்கிறேன். அச்சம் என்று சொல்ல மாட்டேன். உம்முடைய வாயிலிருந்து பொய்யான ஒரு சாவுச் செய்தி இந்த ஊருக்கு வந்ததில்லை. அந்த வேட்பாளருடையதைத் திருப்பி எடுத்தாயிற்று. என்னுடையதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிவிட்டீர். நேரத்தையும் இடத்தையும் நீர் இன்னும் சொல்லவில்லை.