முதுகில் பெயர் எழுதிய நாற்காலிகள்

கிள்ளான்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கூடாரங்களும் நாற்காலிகளும் சுகமாக இருக்கின்றன, என் முதுகு மட்டும் சுகமில்லை, அதன் காரணம் பின்னால் வரும். அங்கே கிளாஸ்கோவில் நீயும் சுகமாக இருக்கவும், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொண்டு போகவும் வேண்டிக்கொள்கிறேன். ஃபோன் இருக்கிற காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, தேர்தல் தொடங்கிய நாளிலிருந்து என் ஃபோன் உன் அம்மாவின் பிரசார ஃபோனாகிவிட்டது. நான் உனக்கு ஒரு செய்தி எழுதினால் அதை ஜவுளிக்கடை யூசுப் அண்ணன் படித்து, நம்மிடம் வேலை பார்க்கும் நாகையா படித்து, கடைசியில் வேட்பாளரே படித்து, என் பிழைகளையும் திருத்தி அனுப்புகிறார்கள். தேர்தல் முடிந்தும் இன்னும் கைக்கு வரவில்லை. முடிவு வந்த மறுநாள் நீ அழைத்து அம்மா எப்படி இருக்காங்கப்பா என்று கேட்டாயே, அதற்கு நல்லா இருக்கேன் என்று பதில் சொன்னது நான் இல்லை, உன் அம்மாவேதான், பிடுங்கிப் பேசிவிட்டாள். தோத்தா அம்மா தாங்குவாங்களா, நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா என்று நீ முதலிலேயே என்னைத் திட்டினாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால் அவள் உண்மையில் எப்படி இருக்கிறாள் என்பதை இதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில், நான் தடுக்கவில்லை என்பது பொய். உன் அம்மா எதையாவது முடிவு செய்துவிட்டால் அதைத் தடுக்க நான் யார். உன்னிடம் ஏதோ சமூக சேவை, மக்கள் குரல் என்றெல்லாம் அவள் சொல்லியிருப்பாள், நடந்தது அது இல்லை. போன மழைக்கு நம் தாமானில் வீடுகளுக்குள் தண்ணீர் முழங்கால் வரை ஏறியது உனக்குத் தெரியும், தண்ணீரை ஆற்றில் இறைத்துக் கொட்ட வேண்டிய பம்ப் அன்றைக்கும் ஓடவில்லை. இவள் போய் நம் சட்டமன்ற உறுப்பினர், அதுதான் நம் ஒய்பி, டத்தோ பரமேஸ்வரனின் சேவை மையத்தில் உட்கார்ந்தாள். ஒய்பி வருவார் உட்காருங்க, ஒய்பி கூட்டத்தில் இருக்கார் உட்காருங்க, ஒய்பி சாப்பிடப் போயிருக்கார் உட்காருங்க என்று காலையிலிருந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் எழுந்து திரும்பிப் பார்த்தால் அவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்திருந்த சிவப்பு நாற்காலியின் முதுகில் ரமணி என்று அவள் பெயரே எழுதியிருக்கிறது. தீபாவளி விருந்துக்கு நம்மிடம் வாடகைக்கு எடுத்துவிட்டு, திருப்பித் தராமல் அங்கேயே போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அந்த நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் நாற்காலியில என்னையே காக்க வைக்கிறானா, அவன் நாற்காலியில நான் உட்கார்றேன் பாருங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு, சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை ஆறியிருப்பாள்.

எந்தக் கட்சி சீட்டுக் கொடுக்கும், சுயேச்சைதான். சின்னம் தேர்ந்தெடுக்கும்போது கூடார வியாபாரத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று குடை கேட்டாள். அதையே இன்னொரு சுயேச்சையும் கேட்க, குலுக்கல் போட்டதில் அவருக்குக் குடை, இவளுக்கு மீன். பிறந்ததிலிருந்து முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவள் கிள்ளான் முழுக்க மீனுக்கு ஓட்டுப் போடுங்க என்று கேட்டுக்கொண்டு போனாள். நாகையா இராமநாதபுரத்துக்காரன், வேலை பெர்மிட்டில் வந்தவன், அவனுக்கு ஓட்டும் கிடையாது, கூவித் திரிய உரிமையும் கிடையாது. ஆனாலும் ஊர் வழக்கம் விடுமா, இவள் படியிறங்கும்போதெல்லாம் வருங்காலமே வருக என்று கத்தினான். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வந்து வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். முதல் செராமா கூட்டத்தில் மேடை ஏறியதும் நான் எழுதிக் கொடுத்த பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மைக்கைப் பிடித்து, உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, எப்ப வடிஞ்சுச்சு, வயசானவங்க எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஆர்டர் எடுப்பது போல ஆர்டர் எடுக்கிறாள் மகளே. நான் வெட்கத்தில் ஜெனரேட்டர் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் ஜனங்கள் பதில் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுந்து, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் இவள் விளையாட்டுக்கு நிற்கவில்லை என்று புரிந்தது, அப்போதிருந்துதான் பயமும் பிடித்துக்கொண்டது.

நடுவில் டத்தோவின் பெரிய செராமா வந்தது. அதற்கான கூடாரமும் நாற்காலிகளும் இவள் வேட்பாளர் ஆவதற்கு வெகு முன்பே நம்மிடம் சொல்லி வைத்தவை. யூசுப் அண்ணன், ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நமக்காக அலைந்த மனுஷன், ரத்து பண்ணு தங்கச்சி, எதிரிக்கு யாராவது நாற்காலி போடுவாங்களா என்று தலையில் அடித்துக்கொண்டார். இவள் கேட்கவில்லை. ஒத்துக்கிட்ட வேலைண்ணே, தேர்தல் வரும் போகும், நாளைக்கு எவன் என்னை நம்பிக் கல்யாணத்துக்குச் சொல்லுவான் என்றாள். போய்ப் போட்டோம், நான்தான் வரிசை பிடித்தேன். அன்றைக்குக் கூட்டத்தில் எவனோ பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டான். மேடையில் டத்தோ கையை உயர்த்தி முழங்குகிறார், கீழே வரிசை வரிசையாக நாற்காலி முதுகெல்லாம் ரமணி ரமணி ரமணி. அந்தப் படம் போர்ட் கிள்ளான் வரை எல்லார் வாட்ஸ்அப்பிலும் போய்விட்டது. எங்கள் கூட்டத்தில் வந்து பிரசாரம் செய்கிறாள் என்று டத்தோ ஆட்கள் குதித்தார்கள், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் டேப் ஒட்டினார்கள். டேப் ஒட்டினால் சும்மா இருப்பார்களா நம் ஜனங்கள், உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று நகத்தால் உரித்துக்கொண்டே பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு மலிவாக ஒரு விளம்பரம் எந்தக் கட்சிக்கும் அமையாது என்று நான் துள்ளினேன். அந்தத் துள்ளலுக்கெல்லாம் சேர்த்துத்தான் அடுத்து வந்தது.

வாக்களிப்புக்கு முந்தின நாள் மத்தியானம் தேர்தல் அதிகாரி ஒருவர் அழைத்தார். நம் தாமான் பள்ளியில்தான் ஓட்டுச்சாவடி. வரிசையில் நிற்கும் வயசாளிகள் உட்காரப் பள்ளிக்கூடம் நம்மிடம் நாற்காலி எடுத்திருந்தது. சாவடி எல்லைக்குள் வேட்பாளர் பெயர் எங்கும் இருக்கக் கூடாதாம், அது சட்டம். நாற்காலிகளைத் தூக்குங்கள் அல்லது பெயரை அழியுங்கள், டேப் கதையெல்லாம் வேண்டாம், அதை நாங்களும் பார்த்தோம் என்றார். வேறு கடையில் கேட்டால் அன்றைக்கு ஒருவரிடமும் ஒரு நாற்காலி இல்லை. யூசுப் அண்ணன் சொன்னார், தூக்கிடலாம் தங்கச்சி, நிக்கட்டும், நின்னாத்தான் கோவம் வரும், கோவம் வந்தாத்தான் அவனுக்கு எதிராப் போடுவாங்க என்று. யோசித்துப் பார்த்தால் அரசியல் கணக்கு அதுதான், எனக்கும் சரி என்றே பட்டது. உன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். முட்டி வலிக்கிறவங்களை நிக்க வச்சு வாங்குற ஓட்டு எனக்கெதுக்கு, சிவப்புப் பெயிண்ட் வாங்கிட்டு வாங்க என்று என்னை அனுப்பினாள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. கல்யாணமான புதிதில் லோரியிலிருந்து விழுந்து என் கால் உடைந்தது, அந்த எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் போட மனசில்லாமல் அதிலேயே அவள் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டி அச்சு செய்தேன். முதல் நாற்காலிக்கு நான்தான் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன், அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொன்றுக்கும் நானேதான் அடித்திருக்கிறேன், அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. இப்போது அதே கையால் பள்ளிக்கூட வளாகத்தில் குனிந்து ஒவ்வொன்றாக அழித்தேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. நாகையா அதைப் பார்த்துவிட்டுப் பெயிண்ட் வாடைக்கு என்று எனக்கு ஒரு மாஸ்க் கொண்டுவந்து கொடுத்தான், நல்ல பையன். முதுகு அன்றைக்குப் பிடித்ததுதான். கடைசி வரிசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது, மறுநாள் யூசுப் அண்ணன் ஓட்டுப் போட்டுவிட்டு வெள்ளை ஜிப்பாவின் முதுகில் சிவப்புப் பட்டையோடு வெளியே வந்தார்.

முடிவு உனக்குத் தெரியும். டத்தோதான் மறுபடியும் ஒய்பி. நாலு பேரில் உன் அம்மா மூன்றாவது, குலுக்கலில் ஜெயித்த குடைக்காரர் நாலாவது, அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் நம் தாமான் பள்ளியில் மட்டும், அந்தப் பெயர் இல்லாத நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்துபோய்ப் போட்ட ஓட்டில், மீன்தான் முதலாவது. இதை நான் சொன்னபோது அவள் சரி என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம். அழவில்லை, யாரையும் திட்டவில்லை, டத்தோவைக்கூடத் திட்டவில்லை. காலையில் எழுந்து பள்ளிக்குப் போய் நாற்காலிகளை ஏற்றி வந்தாள், கழுவினாள், அடுக்கினாள், கீரை ஆய்ந்தாள். என் பேச்சில் குறை கண்டுபிடிக்கவில்லை, நாகையாவை அதட்டவில்லை. இத்தனை வருஷத்தில் இவள் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டு நான் பார்த்ததே இல்லை, வீடு வீடாகவே இல்லை. இதற்கிடையில் டத்தோ வீட்டிலிருந்து வெற்றி விருந்துக்கு நாற்காலி கேட்டு ஆள் வந்தான். இப்ப பேர் இல்லையாமே, ரொம்ப வசதி என்று இளித்தான். வழக்கமான வாடகைக்கே கொடுத்தாள், போன தடவை வைத்துக்கொண்டதையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அந்தப் பழைய எக்ஸ்ரே அச்சைத் தேடி எடுத்துத் துடைத்து, வெள்ளைப் பெயிண்டும் வாங்கி வந்து, கொட்டகையில் முதல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன். பெயர் திரும்ப வந்தால் ஆளும் திரும்பி வருவாள் என்று ஒரு நப்பாசை. அவள் வாசலில் நின்று பார்த்தாள், என்ன பண்றீங்க என்றாள். உன் பேரைத் திரும்ப அடிக்கப் போறேன் என்றேன். கிட்டே வந்து அச்சைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா உங்களுக்கு, இப்ப அடிச்சிட்டு அஞ்சு வருஷம் கழிச்சு யார் மறுபடியும் அழிக்கிறது, அப்ப உங்க முதுகு தாங்குமா என்று ஒரு சத்தம் போட்டாளே பார். பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். காது குளிர்ந்தது எனக்கு.

ஆகவே மகளே, உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்றால் இப்படித்தான் இருக்கிறாள். நீ நன்றாகச் சாப்பிடு, கீரை கிடைத்தால் விடாதே, இரவு வேலை முடிந்து வந்ததும் ஃபோனைப் பார்க்காமல் தூங்கு. குலதெய்வம் உன் கூடவே இருந்து எல்லா நலமும் தரட்டும், உன் கை பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்த முறை தபால் ஓட்டுக்குப் பதிவு செய்யாமல் விட்டாயே, அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்ததற்கு இப்போதே விசாரித்து வை.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ஞானசம்பந்தம்
(ரமணியின் நிரந்தர பெயிண்டர்)