யாமினியின் பெட்டியில் சிவந்த ஸ்டிக்கர்

அனுப்புநர்:
கோ. எழிலரசன்,
பஜார் தெரு, சத்தியவேடு,
திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
கண்காணிப்பு அதிகாரி,
ககனரக்ஷா வான்வழி ஆம்புலன்ஸ் சேவை,
திருப்பதி.

பொருள்: ஹெலிகாப்டரில் கொண்டு செல்லும் பச்சிளம் குழந்தைகளை இரைச்சலும் அதிர்வும் தாக்காமல் காக்கக் கோருதல் – முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதில் தொடர்பாக.

மதிப்புக்குரிய அதிகாரி ஐயா, வணக்கம்.

1. தங்கள் பதில் தெலுங்கில், முத்திரையோடு அழகாக வந்து சேர்ந்தது. மூன்று முறை படித்தேன். தங்களுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும் என்று கேள்விப்பட்டதால், எதுவும் புரியாமல் போய்விடக் கூடாதென்று தமிழிலேயே எழுதுகிறேன்.

2. நவம்பர் 9 அன்று மழையில் சாலை அறுந்து கிடந்தது. பிறந்து இரண்டே நாளான என் மகள் யாமினியைத் தங்கள் ஹெலிகாப்டரில்தான் திருப்பதிக்குக் கொண்டு சென்றார்கள். அவள் உயிரோடிருப்பது அதனால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதைச் சொல்லியே என் வாயை அடைக்க வேண்டாம்.

3. விமானிக்குக் காதுறை இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். 1,400 கிராம் எடையுள்ள அவளுக்கு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "பாப்பா தூங்கிக்கினுதான் கீது, பயப்படாதண்ணா" என்றார் உதவியாளர் தீனா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் சேவையின் தொடக்க விழாவில் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்த குழந்தைக் காதுறைகள், அன்றிலிருந்து தங்கள் அறைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அவர் என்ன செய்வார்?

4. நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கண்ணாடிப் பலகைகளைப் பேக் செய்பவன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பெட்டி அளவுக்கு மீறிக் குலுங்கினால் அது சிவந்துவிடும். சிவந்த பெட்டியைத் திறந்து பார்க்காமல் எவரும் கையெழுத்திட மாட்டார்கள். அன்று சட்டைப்பையில் ஒன்று இருந்தது. கைப்பழக்கத்தில் யாமினியின் இன்குபேட்டரில் ஒட்டிவிட்டேன். திருப்பதியில் இறக்கும்போது அது சிவந்திருந்தது. தங்கள் ஊழியர் "நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று கையெழுத்திட்டுப் போனார்.

5. தங்கள் விளக்கம்: குழந்தை அழவில்லை, ஆகவே பாதிப்பில்லை, ஸ்டிக்கர் சரக்குக்கானது, குழந்தைக்குச் செல்லாது. குறைமாதக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பிருக்காது ஐயா. இதைத் தெரிந்துகொள்ள அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை.

6. செவித்திறன் சோதனையில் யாமினி இருமுறை தேறவில்லை. ஹெலிகாப்டரால்தான் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே எவ்வளவு இரைச்சல் என்று மட்டும் அவர் கேட்டார். அளக்கும் வழக்கமில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். எழுதும்போது வெட்கமாக இல்லையா?

7. வரும் 18ஆம் தேதி இதய அறுவைச் சிகிச்சைக்காக அவள் சென்னை போகவேண்டும். சாலைவழிப் பயணத்தைத் தாங்கமாட்டாள் என்கிறார்கள். மறுபடியும் தங்கள் ஹெலிகாப்டர்தான். எனக்கு வேறு வழியில்லை என்பது தங்களுக்கும் தெரியும். அலமாரியைத் திறந்து காதுறைகளை அனுப்புங்கள். அதிர்வு தாங்கும் மெத்தை போட்டு, இரைச்சலை அளக்க உத்தரவிடுங்கள்.

8. புது ஸ்டிக்கர் ஒன்றை இணைத்துள்ளேன். சென்னையில் அது சிவந்திருந்தால், "நல்ல நிலையில்" என்று ஊழியர் கையெழுத்திட வேண்டாம். தாங்களே வாருங்கள். என் மனைவி கல்பனா மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தக் குரலுக்கு யாமினியின் இமை அசைந்தால் கையெழுத்திடுங்கள்.

பதினெட்டாம் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கும்,
கோ. எழிலரசன்
(ஒப்பம்)

இடம்: சத்தியவேடு
நாள்: டிசம்பர் 11